குக்கரைக் கேட்காத தானியம்

1835 மார்ச் மாதம். சிலியின் சான்டியாகோவிலிருந்து கோவேறு கழுதைகளுடன் புறப்பட்ட சார்லஸ் டார்வின், ஆண்டிஸ் மலையைக் கடந்து அர்ஜென்டினாவின் மென்டோசாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். போர்ட்டில்யோ கணவாய் வழியில், ஏறத்தாழ 11,000 அடி உயரத்தில் ஓர் இரவு தங்கினார்கள். அடுப்பில் உருளைக்கிழங்கு. தண்ணீர் மணிக்கணக்கில் தளபுளவென்று கொதித்தும் கிழங்கு விறைப்பாகவே கிடந்தது. இரவு முழுக்கப் பானையை நெருப்பிலேயே விட்டுவைத்தார்கள். காலையில் மறுபடி கொதிக்க வைத்தார்கள். அப்போதும் வேகவில்லை. உடன் வந்த இருவர் இதைப் பற்றிப் பேசிக்கொண்டது டார்வின் காதில் விழுந்தது. பானை புதிது, பாழாய்ப்போன அந்தப் பானைக்குக் கிழங்கை வேகவைக்க மனமில்லை என்று அவர்கள் தீர்மானித்திருந்தார்கள்.

டார்வினுக்கு உண்மைக் காரணம் தெரியும். உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. அதனால் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுகிறது. பாப்பின் என்பவர் செய்த கலத்தில் நடப்பதற்கு நேர்மாறானது இது என்று பயண நூலில் குறித்துவைத்தார். அந்தக் கலம்தான் நம் பிரஷர் குக்கரின் பாட்டன்.

வேடிக்கை என்னவென்றால், அதே மலைத்தொடரில், அதைவிட உயரத்தில், மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளாக ஒரு தானியத்தைச் சாதாரணப் பானையில் வேகவைத்துச் சாப்பிட்டு வருகிறார்கள். அதுதான் குயினோவா. கிழங்கை வேகவைக்க முடியாத தண்ணீர் குயினோவாவை எப்படி வேகவைத்தது? இதற்கு விடை தெரிந்தால், நம் வீட்டுக் குக்கரில் குயினோவா ஏன் அடிக்கடி குழைந்துபோகிறது என்பதும் விளங்கிவிடும்.

கொதிநிலை என்னும் உச்சவரம்பு

தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்று பள்ளியில் படித்தோம். அது கடல்மட்டத்துக்கான கணக்கு. நீராவி குமிழாகி மேலெழ வேண்டுமானால், தன்மேல் அழுத்திக்கொண்டிருக்கும் காற்றை அது விலக்கியாக வேண்டும். காற்று லேசானால் அந்த வேலையும் லேசு. சுமார் 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் தண்ணீர் கிட்டத்தட்ட 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். பொலிவியாவின் லா பாஸ் நகரம் சுமார் 3,650 மீட்டரில் இருக்கிறது. அங்கே 88 டிகிரி. அதை ஒட்டி மேட்டில் இருக்கும் எல் ஆல்ட்டோவில் 86.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கொதிக்கும் நீர் கொதிநிலைக்கு மேல் சூடாவதில்லை. அடுப்பை எவ்வளவு பெரிதாக எரித்தாலும், கூடுதல் வெப்பம் முழுவதும் தண்ணீரை ஆவியாக்குவதில் செலவாகிவிடும். எல் ஆல்ட்டோவில் திறந்த பானையில் சமைப்பவருக்கு 86 டிகிரிதான் உச்சவரம்பு. தளபுள சத்தம் நம் ஊரைப் போலவே கேட்கும், வெப்பம் மட்டும் 14 டிகிரி குறைவு.

இந்த வரம்பை உயர்த்த ஒரே வழி அழுத்தத்தைக் கூட்டுவது. பிரான்சில் பிறந்த தெனி பாப்பின், பாரிஸில் விஞ்ஞானி ஹைகன்ஸிடமும் லண்டனில் விஞ்ஞானி ராபர்ட் பாயிலிடமும் வேலை பார்த்தவர். 1679இல் லண்டன் ராயல் சொசைட்டியில், இறுக்கி மூடிய ஓர் இரும்புக் கலத்தைச் செய்துகாட்டினார். கலம் வெடித்துவிடாமல் இருக்க, எடை தொங்கும் ஒரு வால்வையும் பொருத்தினார். 1682இல் சொசைட்டியின் உறுப்பினர்களுக்கு அதில் சமைத்த இரவு உணவு பரிமாறப்பட்டது. விருந்துக்குப் போன ஜான் ஈவ்லின், மாட்டெலும்பே பாலாடைக்கட்டி போல மெத்தென்று ஆகிவிட்டதைத் தன் நாட்குறிப்பில் வியந்து எழுதினார்.

இன்றைய குக்கரின் தலையில் உட்காரும் வெயிட் அந்த வால்வின் வாரிசு. அது ஒரு தராசு: ஒரு தட்டில் உள்ளேயிருக்கும் நீராவி, மறுதட்டில் வெளிக்காற்றும் வெயிட்டின் எடையும். உள்ளழுத்தம் வெளிக்காற்றைவிடச் சுமார் ஒரு வளிமண்டலம் கூடியதும் வெயிட் எழும்பி ஆவியை விடுகிறது, அதுதான் விசில். கடல்மட்டத்தில் வெளியே ஒன்று, வெயிட் ஒன்று, ஆக உள்ளே இரண்டு வளிமண்டலம். அந்த அழுத்தத்தில் தண்ணீரின் கொதிநிலை 121 டிகிரி. லா பாஸில் வெளிக்காற்று மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே அதே குக்கருக்குள் ஒன்றே முக்கால் வளிமண்டலத்துக்குச் சற்றுக் குறைவு, அதாவது 115 டிகிரி. சென்னைக்காரருக்குக் குக்கர் தருவது 21 டிகிரி கூடுதல். லா பாஸ்காரருக்கு 27. மலைமேல் குக்கரின் உச்ச வெப்பம் குறைவு, ஆனால் அது தரும் லாபம் அதிகம்.

சமையலில் நடக்கும் பல மாற்றங்கள் வெப்பம் 10 டிகிரி கூடினால் ஏறத்தாழ இரு மடங்கு வேகமாகின்றன. 20 டிகிரிக்கு நான்கு மடங்கு. ஒரு மணி நேரம் வேகவேண்டிய கொண்டைக்கடலை கால் மணியில் வெந்துவிடுவதன் கணக்கு இதுதான்.

வேகுதல் இரண்டு வகை

‘வெந்துவிட்டது’ என்று நாம் சொல்லும்போது, குறைந்தது இரண்டு வெவ்வேறு சங்கதிகளைச் சேர்த்துச் சொல்கிறோம்.

ஒன்று, மாவுச்சத்து இளகுவது. செல்களுக்குள் மாவுச்சத்து சிறு மணிகளாக இறுகி அடுக்கப்பட்டிருக்கிறது. தண்ணீரும் போதுமான சூடும் சேர்ந்தால் அந்த அடுக்கு குலைந்து, மணிகள் நீரை உறிஞ்சி உப்பி, கூழாகின்றன. பெரும்பாலான தானியங்களில் இது 60 முதல் 80 டிகிரிக்குள் நடந்து முடிந்துவிடும். இன்னொன்று, செல்சுவர் தளர்வது. செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பசை பெக்டின். அது கரைந்தால்தான் காயோ கிழங்கோ பருப்போ விரலால் நசுக்கினால் மசியும். பெக்டின் பிடிவாதக்காரி, 85 டிகிரிக்கு மேல்தான் கணிசமாக இளகத் தொடங்கும், அதுவும் மெதுவாக.

டார்வினின் கிழங்குக்கு இப்போது நியாயம் கிடைக்கிறது. 11,000 அடியில் கொதிநீர் சுமார் 89 டிகிரி. கிழங்கின் மாவுச்சத்து அதில் தாராளமாக இளகியிருக்கும், செல்சுவர்கள்தான் விட்டுக்கொடுக்கவில்லை. கிழங்கு வேகாமல் போனதற்கு இன்னொரு காரணமும் இருந்திருக்கலாம். உருளைக்கிழங்கு கொதிக்கும் முன்பு 55 முதல் 70 டிகிரி வெதுவெதுப்பில் நெடுநேரம் கிடந்தால், அதிலுள்ள ஒரு நொதி பெக்டினைக் கால்சியத்தோடு பிணைத்து இன்னும் இறுக்கிவிடும். பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அந்தக் கிழங்கு லேசில் மசியாது. பானை மெதுவாகச் சூடேறியிருந்தால் கிழங்கு அந்த வெதுவெதுப்பில் நெடுநேரம் கிடந்திருக்கும்.

குயினோவாவின் கதை வேறு. அதன் மாவுச்சத்து சுமார் 55 டிகிரியில் இளகத் தொடங்கி 70 டிகிரியை ஒட்டி முடித்துக்கொள்கிறது. எல் ஆல்ட்டோவின் 86 டிகிரி நீரில்கூட அதற்குக் கையில் 15 டிகிரி மிச்சம். தானியமோ குறுக்காக 2 மில்லிமீட்டர்தான். நடுவரை சூடும் தண்ணீரும் போய்ச் சேர நெடுநேரம் ஆகாது. மரங்கள் அரிதாகி, தோலா புதரையும் லாமாவின் சாணத்தையும் எரித்துச் சமைத்த அந்த மேட்டுநிலத்தில், இப்படியொரு தானியம் கிடைத்தது பெரிய விறகு மிச்சம்.

உருப்பெருக்கியில் ஒரு பருக்கை

குயினோவா புல் இனத்தைச் சேர்ந்ததல்ல. ஆகவே தாவரவியலார் அதைப் பொய்த்தானியம் என்பார்கள். கீரைகளின் குடும்பம் அதனுடையது. நம் ஊர் சக்கரவர்த்திக் கீரை அதே பேரினத்தில் பிறந்த பங்காளி. தண்டுக்கீரையும் முளைக்கீரையும் அதே குடும்பத்தின் வேறு கிளை.

வேகாத பருக்கை ஒன்றை உருப்பெருக்கியில் பாருங்கள். தட்டையான வில்லை, விளிம்பில் ஒரு வரப்பு. அரிசியிலும் கோதுமையிலும் முளை ஓர் ஓரத்தில் புள்ளியாக ஒட்டியிருக்கும். மாவு நிறைந்த முளைசூழ்தசைதான் பெரும்பகுதி. குயினோவாவில் முளை நீளமாக வளர்ந்து, விதையின் விளிம்பைச் சுற்றி மோதிரமாக வளைந்து கிடக்கிறது. நடுவில் இருக்கும் மாவுக்கிடங்கு முளைசூழ்தசைகூட அல்ல. தாய்ச்செடியின் திசுவிலிருந்து வந்த பெரிஸ்பெர்ம் என்னும் பகுதி. புரதமும் எண்ணெயும் பெரும்பாலும் முளையில், மாவு நடுவில் என்று ஒரு சுத்தமான பாகப்பிரிவினை. முளை இவ்வளவு பெரிதாக இருப்பதால்தான் 100 கிராமில் 14 கிராம் புரதம் கிடைக்கிறது. அரிசியில் இதில் பாதிதான்.

இப்போது வெந்த பருக்கையைப் பாருங்கள். நடுப்பகுதி நீரேறி உப்பிக் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். அதைச் சுற்றியிருந்த மோதிரம் நெகிழ்ந்து, வெள்ளை வால்போலச் சுருண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பலர் இதைப் புழு என்று நினைத்துப் பதறுவதுண்டு. அது முளை. அதில் உப்புவதற்கு மாவு கிடையாது. எனவே தெளியாது, கரையாது, பல்லில் சற்றே நறுக்கென்று கடிபடும். நடு தெளிந்து, வால் லேசாக விலகி, இன்னும் பருக்கையை விட்டுக் கழலாமல் இருந்தால் அதுவே பதம். வால்கள் எல்லாம் தனியாகக் கழன்று, நடுப்பகுதி பிசுபிசுவென்று ஒட்டினால் பதம் தாண்டிவிட்டது.

கசப்பு என்னும் காவல்

கடையில் வாங்கும் குயினோவா ஏற்கெனவே ஒரு போர்வையைக் களைந்துவிட்டு வந்தது. விளைந்த தானியத்தின் மேலுறையில் சபோனின் என்னும் கசப்புப் பொருள் இருக்கிறது. தண்ணீரில் பட்டால் சோப்பாக நுரைக்கும். பூந்திக்கொட்டையில் நுரைப்பதும் சபோனின் வகைதான். கசப்பு ரகங்களைப் பறவைகள் அவ்வளவாகத் தீண்டுவதில்லை. பயிருக்கு அது காவல், சமைப்பவருக்குத் தலைவலி.

பொலிவியாவின் உயுனி உப்புப் பரப்பை ஒட்டி, பெரிய வெள்ளைப் பருக்கைகளைக் கொண்ட ‘கினுவா ரியால்’ ரகங்கள் விளைகின்றன. அங்கே குடும்பத்துப் பெண்கள் தானியத்தை லேசாக வறுத்து, ஒருவகை வெண்களிமண்ணைக் கலந்து, குழிந்த கல்லில் கொட்டிக் காலால் மிதித்து உமியைக் கழற்றுவார்கள். பிறகு காற்றில் தூற்றி, தண்ணீரில் பலமுறை அலசிக் காயவைப்பார்கள். சில கிலோ தானியத்துக்கே ஒரு பகல் பிடிக்கும் வேலை அது. இன்று ஆலைகளில் தேய்க்கும் இயந்திரங்கள் இதைச் செய்கின்றன. கசப்பு மிச்சமிருக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய சோதனையும் உண்டு: சோதனைக் குழாயில் தானியத்தோடு தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, எழும் நுரையின் உயரத்தை அளப்பது. 2017இல் மார்க் டெஸ்டர் தலைமையிலான குழு நேச்சர் இதழில் குயினோவாவின் மரபணுத் தொகுதியை வெளியிட்டபோது, சபோனின் உற்பத்தியை இயக்கும் மரபணு எது என்பதையும் அடையாளம் காட்டியது.

குக்கருக்கு இதில் ஒரு பங்கும் இல்லை என்பதை நினைவில் வைப்பது நல்லது. சபோனின் சூட்டுக்குச் சட்டென்று சிதைவதில்லை. தண்ணீரில் கரையும், அவ்வளவே. சோற்றைப் போலக் கஞ்சி வடித்தால் கசப்பின் ஒரு பகுதி கஞ்சியோடு போகும். குக்கரில் ஊற்றிய தண்ணீர் முழுவதும் தானியத்துக்குள்ளேயே போவதால் கசப்பும் கூடவே போய்விடும். அதனால் அரிசி களைவதைவிடக் கொஞ்சம் அழுத்தித் தேய்த்து, நுரை அடங்கும்வரை அலச வேண்டும். சாதாரணச் சல்லடையில் பருக்கை நழுவிவிடும். டீ வடிகட்டியோ மெல்லிய துணியோ தோது.

தண்ணீரின் வரவு செலவு

ஊட்டச்சத்து அட்டவணைகளில் ஒரு புதிர் உண்டு. வேகாத குயினோவா 100 கிராமில் 14 கிராம் புரதம்; வெந்ததில் 4.4 கிராம். மீதி எங்கே போனது? எங்கேயும் போகவில்லை. 100 கிராம் தானியம் வெந்து சுமார் 300 கிராம் ஆகிவிட்டது. அதே புரதம் மூன்று பங்காகப் பரவிவிட்டது. இந்த எண்ணிலேயே நமக்கு வேண்டிய சமையல் அளவும் ஒளிந்திருக்கிறது. 100 கிராம் தானியம் குடிக்கும் தண்ணீர் ஏறத்தாழ 200 கிராம். 240 மில்லி கப் ஒன்றில் பிடிக்கும் குயினோவா சுமார் 170 கிராம்; அதற்கு 340 மில்லி, அதாவது ஒன்றரைக் கப்புக்கு ஒரு கரண்டி குறைவு.

பாக்கெட்டின் மேல் ஒன்றுக்கு இரண்டு என்று அச்சிட்டிருப்பது திறந்த பாத்திரத்துக்கான அளவு. கூடுதல் அரைக் கப் ஆவியாகப் போய்விடும் என்று எதிர்பார்த்துச் சொல்வது. குக்கரில் ஆவி அவ்வளவாக வெளியேறாது. ஆகவே அதே அளவை ஊற்றினால் அந்த அரைக் கப் உள்ளேயே தங்கி, 121 டிகிரியில் பருக்கையை உப்பவைத்துக்கொண்டே இருக்கும். மாவு மணிகள் கிழிந்து பசை வெளிவரும், முளை கழன்றுவிடும். குழைந்ததற்குப் பழி விசிலின் மேல் விழுகிறது, தண்ணீர் தப்பித்துக்கொள்கிறது.

குயினோவாவை நேரடியாகக் குக்கரின் அடியில் போட்டால் இன்னும் இரண்டு தொல்லைகள். கொஞ்சமான அளவு மெல்லிய படலமாகப் பரவி அடிப்பிடிக்கும். மிச்சமிருக்கும் சபோனினும் வெளிவந்த மாவும் சேர்ந்து நுரையாக எழும்பி, பருக்கைகளை ஆவிக்குழாய்வரை தூக்கிப் போகும். குழாய் அடைத்துக்கொண்டால் அழுத்தம் வெளியேற மிஞ்சுவது சேஃப்டி வால்வு மட்டுமே. தானியங்களைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள் என்று குக்கர் கையேடுகள் சொல்வது இதற்காகத்தான்.

நம் வீடுகளில் சாதம் வைக்கும் பழைய முறையே இதற்கும் சரியான விடை. குக்கர் அடியில் இரண்டு கப் தண்ணீர். அதன்மேல் உள்பாத்திரத்தில் கழுவிய குயினோவாவும் அளந்த தண்ணீரும். பாத்திரத்துக்கு ஒரு தட்டு மூடி. விசில் வந்து ஆவி போனாலும் போவது அடித்தண்ணீர். உள்பாத்திரத்தின் கணக்கு ஏறத்தாழ அப்படியே இருக்கும். நீராவி பாத்திரத்தின் வெளிச்சுவரில் பட்டு மறுபடி நீராகும்போது கிராமுக்கு 2,200 ஜூலுக்குக் குறையாத வெப்பத்தைக் கொட்டுகிறது. எனவே அடி, பக்கம் என்ற பேதமில்லாமல் சூடு பரவும். அலசிய தானியத்தில் ஒட்டியிருக்கும் ஈரத்தையும் வரவில் சேர்க்க வேண்டும். நன்றாக வடியவிட்டால் கப்புக்கு ஒன்றரைக் கப். சொட்டச் சொட்டப் போட்டால் ஒன்றேகால்.

முதல் விசில் சொல்வது ஒன்றே ஒன்று: அழுத்தம் நிறைந்துவிட்டது. அதன்பின் தீயைக் கூட்டுவதால் உள்ளே ஒரு டிகிரியும் ஏறாது. ஆவியும் எரிவாயுவும்தான் வீண். முதல் விசிலுக்குப் பின் சிம்மில் இரண்டு நிமிடம் போதும். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, அழுத்தம் தானாக அடங்கும்வரை குக்கரைத் தொடக்கூடாது. இதற்கும் ஒரு கணக்கு உண்டு. 121 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரின் மேலிருந்து அழுத்தத்தைத் திடீரென்று எடுத்தால், அது 100 டிகிரிக்கு இறங்கியாக வேண்டும். மிஞ்சும் வெப்பம் 40 கிராம் தண்ணீரை அந்த நொடியே ஆவியாக்கும். 40 கிராம் நீராவி என்றால் 65 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். கரண்டிக் காம்பால் வெயிட்டைத் தூக்கினால் சீறி வருவது அந்த ஆவி. பருக்கைக்குள் இருக்கும் நீரும் அதே நொடியில் கொதித்து, வெந்த தானியத்தை உள்ளிருந்தே கிழிக்கும்.

எது மிச்சம்?

நேரத்தைக் கூட்டிப் பார்ப்போம். திறந்த பாத்திரத்தில் மூடிவைத்து 15 நிமிடம், இறக்கிவைத்து 5 நிமிடம். குக்கரில் அழுத்தம் ஏற ஆறேழு நிமிடம், சிம்மில் இரண்டு, அடங்கப் பத்து. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கொண்டைக்கடலையில் முக்கால் மணி நேரத்தை மிச்சம் பிடித்துத் தந்த கருவி, குயினோவாவில் ஒன்றும் பெரிதாகத் தருவதில்லை. தருவதெல்லாம் கவலையின்மை: கிளற வேண்டாம், பொங்கி வழியுமோ என்று அடுப்படியில் நிற்க வேண்டாம், தினமும் ஒரே பதம். குக்கர் விற்கும் சரக்கு கூடுதல் டிகிரிகள். 70 டிகிரியில் வேலையை முடித்துக்கொள்ளும் தானியத்துக்கு அந்தச் சரக்கில் நாட்டமில்லை. அதற்கு வேண்டியது அளவான தண்ணீர்.

அதே பானையில் பிடிவாதமான பொருட்களும் இருந்தால் நிலைமை மாறுகிறது. லா பாஸ் வீடுகளில் குயினோவா சூப் சாதாரண உணவு. இறைச்சியும் காய்களும் அதில் சேரும். இறைச்சிக்கும் உலர்ந்த பயறுக்கும் குக்கரின் 115 டிகிரி பெரிய வரம். குயினோவாவை அவற்றோடு அரைமணி நேரம் அடைத்துவைத்தால் கூழாகிவிடும். ஆகவே வெப்பம் கேட்கும் பொருட்களை முதலில் அழுத்தத்தில் வேகவிட்டு, குக்கர் அடங்கித் திறந்தபின் குயினோவாவைப் போட்டுத் திறந்தே கொதிக்கவிட வேண்டும். ராஜ்மாவோடு குயினோவா சேர்த்துச் சமைக்க நினைக்கும் நமக்கும் இதே வரிசைதான். எது பெக்டினுக்காகக் காத்திருக்கிறது, எது மாவுச்சத்துக்காக மட்டும் காத்திருக்கிறது என்று ஒருமுறை கேட்டுக்கொண்டால் போதும். எதை முதலில் போடுவது, எதைக் கடைசியில் போடுவது என்பது தானே தெரிந்துவிடும்.